கைதட்டலைக் களவெடுத்தவர்கள்

1994 ஒக்ரோபரில் ஒயாசிஸ் 'சிகரெற்ஸ் அன்ட் அல்கஹோல்' பாட்டை வெளியிட்டபோது அதோடு சேர்த்து பீற்றில்ஸின் 'ஐ ஆம் த வோல்ரஸ்' பாட்டையும் குடுத்தார்கள். உறையில் போட்டிருந்தது: கிளாஸ்கோ கத்ஹவுஸ், 1994 யூன், லைவ். எட்டு நிமிசத்துக்கு மேல் போகும். கித்தார் கூவும், லியம் இழுத்து இழுத்துப் பாடுவார், சனம் கத்தும். கேட்கிற ஆளுக்குத் தானும் அந்தச் சின்ன மண்டபத்துக்குள்ள வேர்த்து ஒழுகி நிக்கிற மாதிரி இருக்கும்.

அது கத்ஹவுஸ் இல்லை. சோனி கம்பனி தன்ர ஆட்களுக்காக கிளெனீகிள்ஸ் எண்ட ஆடம்பர ஹொட்டேலில் ஒரு மாநாடு வைத்தது. அங்க ஷோவுக்கு முதல் வாத்தியங்களைச் சரிபார்க்கேக்க வாசிச்சதுதான் அந்தப் பதிவு. கைதட்ட ஒரு குருவியும் இல்லை. அப்ப அந்தச் சனத்தின்ர சத்தம் எங்கயிருந்து வந்தது? ஃபேசஸ் எண்ட பழைய குழுவின் ஒரு பூட்லெக் பதிவிலிருந்து வெட்டி ஒட்டினது. இதை வேற ஆரும் கண்டுபிடிச்சுச் சொல்லவில்லை, நோயல் காலஹரே பிறகு சிரிச்சுக்கொண்டு சொன்ன விசயம்.

பிரிட்பொப் காலத்து லைவ் பதிவுகளைச் சேர்க்கிற ஆட்களைக் "கள்ளர்" எண்டு சொல்லுறது இப்பவும் ஒரு பழக்கமாக இருக்கு. நானும் அப்படிச் சேர்க்கிற ஒருத்தன். ஒயாசிஸ், பிளர், பல்ப், சுவேட், எலாஸ்ரிகா எண்டு 1993 தொடக்கம் 1997 வரைக்கும் இங்கிலாந்தைக் கலக்கின குழுக்களின் ஷோக்களில், அனுமதி கேட்காமல் ஆரோ பிடிச்ச பதிவுகள். அதுக்குப் பேர்தான் பூட்லெக். "காசு குடுத்து ஒரிஜினலைக் கேளும், கள்ளக் கொப்பியை விடும்" எண்டு புத்தி சொல்ல வாற எல்லாருக்கும் என்னட்ட இருக்கிற முதல் பதில் இந்த வோல்ரஸ். காசு குடுத்து வாங்கின ஒரிஜினல் பொய். அந்தப் பொய்க்கு உயிர் குடுக்கக் கம்பனிக்குத் தேவைப்பட்டது, முன்பின் தெரியாத ஒருத்தர் கள்ளமாகப் பிடிச்ச கைதட்டல்.

அப்படியெண்டால் எங்கட பக்கத்தில் என்ன இருக்கு?

1994 ஓகஸ்ட் 9, நியூகாசில் றிவர்சைட். 'டெஃபினிற்லி மேபி' இசைத்தட்டு வர இன்னும் மூண்டு கிழமை கூட இல்லை. பிபிசி ரேடியோ 1 ஷோவைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. 'பிறிங் இற் ஒன் டவுன்' பாட்டு நடக்கேக்க ஒருத்தன் மேடையில் ஏறி நோயலின் முகத்தில் அடிக்கிறான். இசை உடைஞ்சு போகுது. ஒவ்வொரு வாத்தியமாக நிக்கிறது காதுக்குத் தெளிவாகக் கேட்கும். பிறகு சனத்தின்ர இரைச்சல், கோபம், குழப்பம். குழு திரும்பி வந்து ஷோவை முடிக்கவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலேயப் பெடியளின் கூட்டத்துக்குள்ள சந்தோசமும் வன்முறையும் எவ்வளவு கிட்டக் கிட்ட இருந்தது எண்டதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் வாசிச்சதில்லை.

அதே வருடம் செப்ரெம்பர் 29, லொஸ் ஏஞ்சலிஸ், விஸ்கி அ கோ கோ. குழு முழுக்க போதையில். ஆளுக்கொரு பாட்டு வரிசையைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தர் ஒரு பாட்டைத் தொடங்க மற்றவர் வேறொண்டைத் தொடங்குறார். லியம் தம்புறீனால் அண்ணனுக்கு எறியிறார். அண்ணன் அடுத்த நாள் குழுவை விட்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விடுகிறார். அந்த ஓட்டத்தில்தான் 'ரோக் ருநைற்' பிறந்தது. ஒயாசிஸ் ரசிகர் எல்லாருக்கும் இந்தக் கதை மனப்பாடம். ஆனால் கதையைக் கேட்கிறதும் அந்தக் குளறுபடியையே காதால் கேட்கிறதும் ஒண்டில்லை. உலகத்தைப் பிடிக்கப் போற குழு எண்டு எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவையளுக்கு ஒரு பாட்டை ஒண்டாகத் தொடங்கத் தெரியவில்லை. எனக்கு அவையளில் விருப்பம் கூடினதே அதைக் கேட்ட பிறகுதான்.

ஸ்ரோன் றோசஸ் பிரிட்பொப்புக்குப் பாதை வெட்டினவை. 1996 ஓகஸ்டில் றெடிங் விழாவில் வாசிச்சார்கள். கித்தார்காரர் ஜோன் ஸ்குவயர் ஏற்கெனவே விலகிப் போயிட்டார். இயன் பிரவுனின் குரல் சுருதிக்குக் கிட்டவும் வரவில்லை. அடுத்த ரெண்டு மாதத்தில் குழு கலைஞ்சது. அந்தப் பதிவு சேகரிப்பாளர்களுக்குள்ள பேர் போனது. "இவ்வளவு கேவலமான பதிவை ஏன் வைச்சிருக்கிறாய்?" எண்டு கேட்பினம். ஒரு குழு செத்துக்கொண்டிருக்கிற சத்தம் அது. அதை எந்தக் கம்பனியும் விற்காது, அதனால்தான் ஆராவது வைச்சிருக்க வேணும்.

சேகரிக்கிறது எண்டால் இணையத்தில் ஒரு பட்டனை அமத்துறது எண்டு கனபேர் நினைக்கினம். 90களில் அது உடம்பு வேலை. தொப்பிக்குள்ள, கண்ணாடிக் காலில், சட்டைக் கொலரில் சின்ன மைக். இடுப்பில் சோனி வோக்மன் புறொஃபெஷனல் அல்லது டாற் றெக்கோடர். வாசலில் சோதனை. உள்ள போனால் ஒண்டரை மணித்தியாலம் கத்தக் கூடாது, பாடக் கூடாது, துள்ளக் கூடாது. மற்ற எல்லாரும் பைத்தியமாக ஆடேக்க நீ மட்டும் கம்பம் மாதிரி நிக்க வேணும். 90 நிமிசக் கசெற் எண்டால் 45 நிமிசத்தில் பக்கம் மாத்த வேணும். எந்தப் பாட்டை இழக்கிறது எண்டு முதலே கணக்குப் போட்டு வைக்க வேணும். எத்தனையோ பதிவுகளில் நல்ல பாட்டொண்டின் நடுவில் 'டக்' எண்டு ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு வந்தால் நான் அந்த ஆளின் விரலை நினைப்பன்.

பிறகு கொப்பி. கசெற்றிலிருந்து கசெற்றுக்கு ஏத்த ஏத்த இரைச்சல் கூடும். அதனால் ஒவ்வொரு கொப்பியும் எத்தனையாவது தலைமுறை எண்டு எழுதி வைப்பினம். தபாலில் வெறும் கசெற்றும் முத்திரைக் காசும் அனுப்பினால் நிரப்பித் திருப்பி அனுப்புவினம். காசு வாங்கக் கூடாது, விற்கக் கூடாது எண்டது எழுதாத சட்டம்.

இன்னொரு விசயம். ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரே எடுத்த பதிவுதான் உயர்ந்தது எண்டு புதுசா வாறவை நினைப்பினம். சின்ன மண்டபங்களில் அது கனதரம் பிழைக்கும். கித்தார் அம்ப்ளிஃபயர் மேடையிலேயே காதைக் கிழிக்கிற சத்தம் போடும், அதனால் பலகைக்கு அதைக் கூட்டி விட மாட்டார்கள். பலகைப் பதிவில் குரல் பெரிசாகவும் கித்தார் எங்கயோ பக்கத்து வீட்டிலும் கேட்கும். சனத்துக்குள்ள நிண்டு பிடிச்ச பதிவில்தான் மண்டபம் இருக்கும், மூண்டாம் வரிசையில் நிண்டவன்ர இருமலும் இருக்கும்.

இனிக் கம்பனிக்காரரின் லைவ் இசைத்தட்டுகளுக்கு வருவம். 2000 யூலையில் ஒயாசிஸ் வெம்பிளி அரங்கில் அடுத்தடுத்து ரெண்டு இரவு வாசிச்சார்கள். 'ஃபமிலியர் ரு மில்லியன்ஸ்' எண்டு வந்த இசைத்தட்டு 21ஆம் திகதி ஷோ. 22ஆம் திகதி லியம் நல்ல வெறியில், பாட்டுக்குப் பாட்டு புலம்பல். அந்த இரவு தொலைக்காட்சியில் நேரடியாகவே போனது. கடைக்கு வந்தது முதல் இரவு, வீடியோ நாடாவில் தப்பினது ரெண்டாம் இரவு. சேகரிப்பாளரைக் கேட்டுப் பாருங்கோ, எதைத் திரும்பத் திரும்பக் கேட்கினம் எண்டு.

நெப்வேர்த், 1996 ஓகஸ்ட் 10, 11. இரவுக்கு ஒண்டேகால் லட்சம் சனம். ரிக்கெற்றுக்கு விண்ணப்பிச்சவை 25 லட்சத்துக்கும் மேல். இதின்ர முழு லைவ் இசைத்தட்டு கடைக்கு வந்தது 2021இல். 25 வருடம்! அதுவும் ரெண்டு இரவிலிருந்தும் பாட்டுகளைத் தெரிஞ்செடுத்து ஒட்டினது. அப்படி ஒரு இரவு நடக்கவே இல்லை. நடந்த இரவுகள் ரெண்டையும் 25 வருடமாகக் கையில் வைச்சிருந்தவை ஆர்? வானொலியில் வந்ததைக் கசெற்றில் பிடிச்ச பெடியளும் பெட்டையளும்.

பல்ப்பின் கதை இன்னும் மோசம். 1995 யூன் 24, கிளாஸ்ரன்பரி. ஸ்ரோன் றோசஸ் வர வேண்டிய இடம். ஜோன் ஸ்குவயர் சைக்கிளால் விழுந்து தோள் எலும்பை முறிச்சதால் கடைசி நேரத்தில் பல்ப்பைக் கூப்பிட்டார்கள். பதினைஞ்சு வருடத்துக்கு மேலாக ஆரும் கவனிக்காமல் கிடந்த ஒரு குழு, வெளிவராத புதுப் பாட்டுகளோட அந்தப் பெருஞ்சனத்துக்கு முன் ஏறி, ஒரே இரவில் நாட்டின்ர குழுவாக மாறினது. அந்த ஷோவின் முழு ஒலிப்பதிவு, 'டிஃபரென்ற் கிளாஸ்' இசைத்தட்டின் முப்பதாவது ஆண்டுப் பதிப்போட 2025இல்தான் வந்தது. இடையில் முப்பது வருடம் தொலைக்காட்சியிலிருந்து பிடிச்ச நாடாக்கள்தான் அந்த இரவைக் காவிக்கொண்டு திரிஞ்சது. இப்ப அதையே வடிவான பெட்டியில் போட்டு "முதன்முறையாக" எண்டு விற்கினம். எங்களுக்கு முதன்முறை இல்லை ராசா.

பிளர் 1995இல் டோக்கியோ புடோகானில் வாசிச்சதை அடுத்த வருடம் ஜப்பானில் மட்டும் வெளியிட்டார்கள். ஒயாசிஸின் எம்.ரி.வி. அன்பிளக்ட், நெப்வேர்த் முடிஞ்சு பன்னிரண்டாம் நாள் நடந்தது. தொண்டை நோகுது எண்டு சொன்ன லியம் மேல்மாடத்தில் இருந்து பார்க்க, நோயலே முழுக்கப் பாடினது. அது எம்.ரி.வி.யில் போனது, பிறகு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டது பூட்லெக்கால்தான்.

"இருந்தாலும் அது களவுதானே?" எண்டு கேட்பீங்கள். களவும் இருக்கு, இல்லையெண்டு சொல்லவில்லை. 90களின் தொடக்கத்தில் இத்தாலியச் சட்டத்தில் இருந்த ஓட்டைக்குள்ளால் புகுந்து, 'கிஸ் த ஸ்ரோன்' மாதிரியான கம்பனிகள் பூட்லெக்கை மினுக்கமான சீடியாக அடிச்சு, கடை விலையைவிடக் கூட விலைக்கு வித்தவை. அவையள் கள்ளர்தான். இன்னொருத்தரின் உழைப்பை வித்துக் காசு பாக்கிறவன் எந்த மொழியிலும் கள்ளன். ஆனால் அந்தச் சீடிக்காரனையும், முத்திரைக் காசுக்குக் கசெற் மாத்தின பெடியனையும் ஒரே கூண்டில் ஏத்தினது இசைத்தட்டுக் கம்பனிகள். 1980களின் தொடக்கத்திலேயே அவையளின் சங்கம் கசெற்றையும் ரெண்டு எலும்பையும் கடற்கொள்ளையர் கொடி மாதிரி வரைஞ்சு, வீட்டில் பதிவு செய்யிறது இசையைக் கொல்லுது எண்டு பிரச்சாரம் செய்தது. அப்படிச் "செத்த" இசைதான் பதினைஞ்சு வருடத்தில் நெப்வேர்த்தில் ரெண்டரை லட்சம் சனத்தைக் கூட்டினது.

2024இல் ஒயாசிஸ் திரும்பச் சேருகினம் எண்டு ரிக்கெற் வித்த கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நிண்டு பாக்கிற ரிக்கெற் 148 பவுண் எண்டு சொல்லி, இணைய வரிசையில் மணித்தியாலக் கணக்காகக் காத்திருந்தவைக்குக் கடைசியில் 355 பவுண் எண்டு காட்டினது. அதுக்குப் பேர் வியாபாரம். ஒரு பழைய ஷோவை இலவசமாகப் பகிர்ந்தால் அது களவு. மற்றது, "நேரில் போய்ப் பாக்க வேண்டியதுதானே" எண்டு சொல்லுறவைக்கு: ரிக்கெற் வாங்கினாலும் இலங்கைப் பாஸ்போட்டோட விசாவுக்கு ஆர் நிக்கிறது? எங்களைப் போல ஆட்களுக்கு இந்தப் பதிவுகள்தான் ஷோ.

ஒரு எதிர்வாதத்தை மட்டும் நான் மதிக்கிறன். பாடினவருக்குத் தன் மோசமான இரவை மறக்கச் செய்யிற உரிமை இல்லையா? இதை நான் கனநாள் யோசிச்சிருக்கிறன். என்ர கோடு இதுதான்: காசு குடுத்து வந்த சனத்துக்கு முன் வாசிச்சது அந்தச் சனத்தின்ர ஞாபகமும் ஆகுது. அதைத் திருப்பி வாங்க ஏலாது. ஆனால் ஸ்ரூடியோவில் இருந்து களவாக வெளியில் வந்த முடியாத பாட்டுகள் வேற. அது ஆருக்கும் காட்டாத கொப்பிப் புத்தகம். ஆர் தந்தாலும் நான் எடுக்கிறதில்லை. நாலு சேகரிப்பாளர் இதுக்காக என்னோட சண்டை பிடிச்சிருக்கினம், பிடிக்கட்டும்.

இப்ப எல்லாற்ற கையிலும் ஃபோன் இருக்குதே, இனி என்ன சேகரிப்பு எண்டு கேட்பினம். ஃபோனில் இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டின்ர நாப்பது செக்கன், அதுக்குள்ள பிடிக்கிறவரின் குரல் முப்பது செக்கன். முழு ஷோவையும் வாயை மூடிக்கொண்டு பிடிக்கிற ஆள் இப்பவும் அருமைதான்.

பிரிட்பொப்பின் அதிகாரபூர்வ ஞாபகத்தில் என்ன இருக்கு எண்டு பாருங்கோ. யூனியன் ஜாக் நிறத்தில் நோயலின் கித்தார், 1997 யூலையில் டவுனிங் தெருவில் ரொனி பிளேயரோட வைன் கிளாசும் கையுமாக அதே நோயல். வெள்ளைக்காரப் பெடியள், கொடி, பியர். ஆண்டு நிறைவுப் பெட்டிகள் எல்லாம் இந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்ப விற்கிறது. அந்தப் படத்துக்குள்ள வராத ஒருத்தரை எங்கட ஆட்களுக்கு நல்லாத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதைக் கழிச்சு, லண்டனுக்கு அகதியாகப் போன மாதங்கி அருள்பிரகாசம், மாயா. எம்.ஐ.ஏ. ஆகிறதுக்கு முதல் எலாஸ்ரிகாவின் ஜஸ்ரின் ஃப்றிஷ்மனின் சிநேகிதி. அந்தக் குழுவின் கடைசி இசைத்தட்டான 'த மெனஸ்', 2000இல் வந்தது, அதின்ர உறை மாயாவின் வேலை. அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கமராவோட போனதும் அவர்தான். அங்க எலாஸ்ரிகாவுக்கு முன் வாசிச்ச பீச்சஸ்தான் அவருக்கு றோலண்ட் எம்.சி. 505 எண்ட கருவியைக் காட்டினது. அதில்தான் பிறகு அவர் தன்ர முதல் பாட்டுகளைச் செய்தது.

மாயா களவாகப் பிடிக்கவில்லை, கூப்பிட்டுத்தான் போனவர். நான் சொல்ல வாறது நாடாக்களைப் பற்றி. அவர் எதையும் எறியவில்லை. 2018இல் ஸ்ரீவ் லவ்றிட்ஜ் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் பெரும்பாலும் அவரே வருடக்கணக்காகப் பிடிச்சு வைச்சிருந்த நாடாக்களால் ஆனது. பிரிட்பொப் முடியிற நேரத்தில், அந்தக் குழுவோட ஒரு தமிழ்ப் பெட்டை கமராவோட நிண்டாள் எண்டது இண்டைக்குக் கண்ணால் பாக்கக் கூடியதாக இருக்கிறது அதனால்தான். கம்பனியின் அலுமாரியை நம்பியிருந்தால் எங்களுக்கு அது கிடைச்சிருக்காது.

அலுமாரிகளைப் பற்றியும் ஒரு சொல். பிபிசி 60கள், 70களில் தன்ர நாடாக்களைத் தானே அழிச்சு அதன் மேல் வேற நிகழ்ச்சிகளைப் பதிஞ்சது. 2001இல் பொதுசனத்திட்டப் போய், வீட்டில் பிடிச்சு வைச்சது இருந்தால் தாருங்கோ எண்டு கேட்க வேண்டி வந்தது. 2008இல் கலிஃபோர்னியாவில் யூனிவேர்சல் களஞ்சியத்தில் மூலநாடாக்கள் எரிஞ்ச கதையை, 2019இல் நியூயோர்க் ரைம்ஸ் எழுதின பிறகுதான் உலகம் பெரிசாக அறிஞ்சது. ஒரே இடத்தில், ஒரே பிரதி எண்டால் என்ன நடக்கும் எண்டு 1981இல் நூலகம் எரிஞ்ச ஊர்க்காரருக்கு ஆரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

இதைச் சொல்லிக்கொண்டு எங்கட பக்கத்துப் பெரிய மனிசரைச் சும்மா விட ஏலாது. சேகரிப்பாளருக்குள்ளேயே ஒரு சாதி இருக்கு: பதுக்கிறவை. மாஸ்ரர் நாடா தன்னட்ட மட்டும்தான் இருக்கு எண்டதில் உயிர் வாழுறவை. ஒருமுறை ஒருத்தரிட்ட 1994ஆம் ஆண்டுப் பதிவொண்டைக் கேட்டன். "மாத்த உம்மட்ட என்ன இருக்கு?" எண்டார். அவரிட்ட இல்லாதது ஒண்டும் என்னட்ட இல்லை. அதோட கதை முடிஞ்சுது. இன்னும் சிலர் பதிவைப் பகிருவினம், ஆனால் நடுவில் வேணுமெண்டே ஒரு பாட்டை வெட்டிப்போட்டு. எம்.பி.3 எண்டு ஒரு சொல் சொன்னால் முகத்தைச் சுழிப்பினம். தரம் முக்கியம்தான். முழுத்தரக் கோப்பாக வைக்கிறது சரிதான், எம்.பி.3இலிருந்து திரும்பக் கொப்பி எடுத்தால் பதிவு கெட்டுத்தான் போகும். ஆனால் டேற்றாவுக்கு எண்ணி எண்ணிக் காசு போடுற ஒரு பெடியனுக்கு ஒரு ஷோ ஒரு ஜிபி எண்டால் அவன் எப்பிடிக் கேட்கிறது? கம்பனி விலையால் பூட்டின கதவை நீங்கள் தரத்தால் பூட்டுறீங்கள்.

அதுக்கிடையில் நாடா உங்களுக்காகக் காத்திருக்காது. கசெற்றின் காந்தப் பூச்சு உதிரும், பங்கசு பிடிக்கும். டாற் இன்னும் மோசம், கசெற் எண்டால் இரைச்சலோடயாவது பாடும், டாற் பழுதானால் சத்தம் வெட்டி வெட்டிப் போய் ஒண்டுமே மிஞ்சாது. வாசிக்கிற கருவியையும் சோனி 2005இலேயே நிப்பாட்டிப் போட்டுது. அந்தக் காலத்தில் இருபது வயதில் மைக்கை ஒளிச்சுக்கொண்டு போனவைக்கு இப்ப ஐம்பது தாண்டிட்டுது. அவையள் கண்ணை மூடினால் பிள்ளையள் அந்தப் பெட்டியைக் குப்பையில் போடும், அதுகளுக்கு அது என்னெண்டே தெரியாது.

ஆகவே பெட்டியைக் கட்டிலுக்குக் கீழ வைச்சிருக்கிறவைக்கு: இந்த வருடமே ஏத்துங்கோ. மாத்துறதுக்கு ஒண்டும் கேட்காதேங்கோ. இரைச்சலை வடிகட்டி "அழகாக்க" வேண்டாம், சனத்தின்ர சத்தமும் அதோட போயிடும். உங்கட பேர் போட விருப்பமில்லாட்டி விடுங்கோ. திகதி, இடம், எந்த மைக், எத்தனையாவது கொப்பி. இந்த நாலையும் எழுதினால் காணும்.